மலையேற இருவர், ஸ்கூட்டர் ஒன்று: ரீயூனியனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

சிலாவோஸ் என்ற மலையூரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். பாதித் தூரம் கடந்திருப்போம். இடது கைப் பிரேக்கைப் பிடித்தேன். அது பஞ்சு போல அமுங்கிக் கைப்பிடியைத் தொட்டது. பின்னால் 84 கிலோ எடையுள்ள என் கணவர், "ஏன் வேகம் குறையவில்லை?" என்று நிதானமாகக் கேட்டார். வலது கைப் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்தினேன். பிரேக் டிஸ்கிலிருந்து கருகல் வாடை வந்தது. அரை மணி நேரம் பாறையோரமாக நின்றோம்.

எங்கள் வீட்டில் ஓட்டுவது நான், பின்னால் உட்காருவது அவர். கடலோர நகரமான சேன் பியேரின் சிக்னல்களில் இதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு; சிரிக்கட்டும். புதுச்சேரியில் 10 ஆண்டுகள் ஸ்கூட்டர் ஓட்டிய தைரியத்தில் இந்தப் பிரெஞ்சுத் தீவுக்கு வந்தேன். அந்த ஊரில் ஏற்றம் என்றால் மேம்பாலம்தான். இங்கே கடலோரத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் 1,600 மீட்டருக்கு ஏறிவிடலாம்.

நான் செய்த தவறு, பணத்தைத் தலைகீழாகச் செலவழித்தது. ஏற்றத்தில் இழுக்கவில்லை என்று முதலில் எஞ்சின் பக்கம் போனேன். ஏற்றத்தில் வண்டி திணறினால் மெதுவாகப் போவீர்கள், அவ்வளவுதான். இறக்கத்தில் திணறினால் ஓரமாக ஒதுங்க இடம் இருக்க வேண்டும். அதனால் கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள்.

1. உரிமம்: கார் உரிமம் மட்டும் போதாது

பிரெஞ்சு பி உரிமம் (கார் உரிமம்) இருந்தால் 125 சிசி வரை, 11 கிலோவாட் வரை ஓட்டலாம். ஆனால் உரிமம் எடுத்து 2 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். கூடவே ஓட்டுநர் பள்ளியில் 7 மணி நேரப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். தேர்வு கிடையாது. 2 மணி நேரம் பாடம், 2 மணி நேரம் மைதானம், 3 மணி நேரம் சாலை. முடிவில் ஓர் அத்தாட்சித் தாள் தருவார்கள். அதை உரிமத்துடன் எப்போதும் வைத்திருங்கள். எனக்கு 250 யூரோ ஆனது. இடம் கிடைக்க மூன்று வாரம் காத்திருந்தேன், ஆகவே வண்டி தேடத் தொடங்கும் நாளிலேயே பெயரைக் கொடுத்துவிடுங்கள்.

ஒரு விலக்கு இருக்கிறது. 1980 மார்ச் 1-க்கு முன் பி உரிமம் எடுத்தவர்களுக்கு இந்தப் பயிற்சி தேவையில்லை. நம் ஊரிலிருந்து வந்த பழைய பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியக்காரர்களில் சிலருக்கு இது பொருந்தும். அவர்கள் முகத்தில் அப்போது தெரியும் பெருமையைப் பார்க்க வேண்டும்.

50 சிசி வண்டியில் இருவராக மலையேற நினைக்காதீர்கள். இழுக்காது என்பது ஒருபுறம். விரைவுச் சாலைகளில் அதற்கு அனுமதியும் இல்லை. சேன் போலிலிருந்து தெற்கே வரும் புளியமரச் சாலையில், அதாவது ரூத் தே தாமரேனில், நுழைய முடியாமல் ஊருக்குள் சுற்றிக்கொண்டிருப்பீர்கள்.

2. கார்த் கிரீஸைப் படியுங்கள், பிறகு வண்டியைப் பாருங்கள்

பழைய வண்டி வாங்கும்போது எல்லோரும் கீறலைப் பார்க்கிறார்கள். நீங்கள் கார்த் கிரீஸ் என்ற பதிவுச் சான்றிதழைக் கையில் வாங்கி மூன்று கட்டங்களைப் பாருங்கள். எஸ்.1 என்ற கட்டத்தில் 2 என்று இருக்க வேண்டும். அது இருக்கை எண்ணிக்கை. 1 என்று இருந்தால், சீட் எவ்வளவு நீளமாக இருந்தாலும், பின்னால் ஆள் ஏற்ற முடியாது. எஃப்.2 என்பது வண்டி, ஆட்கள், சுமை எல்லாம் சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. ஜி.1 என்பது வெறும் வண்டியின் எடை. எஃப்.2-இலிருந்து ஜி.1-ஐக் கழித்தால் நீங்கள் ஏற்றக்கூடிய சுமை கிடைக்கும்.

என் வண்டிக்கு 165 கிலோ வந்தது. நான் 58, அவர் 84. இருவரின் ஹெல்மெட், ஜாக்கெட், காலணி எல்லாம் 12. பின்பெட்டி 4, அதற்குள் சாமான் 6. கூட்டினால் 164. ஒரு கிலோ மிச்சம். இந்தக் கணக்கைக் கடையில் நிற்கும்போதே போடுங்கள். வாங்கியபின் போட்டால் குறைக்க வேண்டியது உங்கள் எடையைத்தான்.

விற்பவரிடம் வாங்க வேண்டிய காகிதங்கள்: கோடு போட்டு, தேதியும் நேரமும் எழுதி, கையெழுத்திட்ட பழைய கார்த் கிரீஸ், செர்ஃபா 15776 என்ற விற்பனைப் படிவம், வண்டியின் மேல் அடமானமோ தடையோ இல்லை என்ற சான்று, இணையத்தில் விற்பனையைப் பதிவு செய்ததும் அவருக்கு வரும் கோத் தே செஸ்ஸியோன் என்ற எண். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். அது இல்லாமல் உங்கள் பெயருக்கு மாற்றும் விண்ணப்பம் நகராது. எனக்கு விற்றவர் பணம் வாங்கிய மறுநாள் பிரான்ஸுக்கு விமானம் ஏறிவிட்டார். அந்த எண்ணுக்காக நான் 11 நாள் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். பெயர் மாற்றத்துக்கு வாங்கிய நாளிலிருந்து ஒரு மாதம்தான் அவகாசம். எண் கைக்கு வந்தபின் பணம் கொடுங்கள்.

2024 ஏப்ரல் 15 முதல் இருசக்கர வண்டிகளுக்கும் கோந்த்ரோல் தெக்னீக் என்ற தகுதிச் சோதனை வந்துவிட்டது. ஒருமுறை எடுத்தால் 3 ஆண்டுகள் செல்லும். 5 ஆண்டுகள் கடந்த வண்டி என்றால், 6 மாதத்துக்குள் எடுத்த சோதனைத் தாளை விற்பவரிடம் கேளுங்கள். "நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், 60 யூரோதானே" என்று பேசுபவரிடம், அந்த 60 யூரோவை அவர் ஏன் செலவழிக்கவில்லை என்று யோசித்துவிட்டு அடுத்த வண்டியைப் பாருங்கள்.

3. காப்பீடு: பின்னால் இருப்பவருக்கு உண்டு, உங்களுக்கு?

கட்டாயக் காப்பீடு பின்னால் உட்காருபவரின் காயத்துக்குப் பணம் தரும். தவறு உங்களுடையது என்றால் ஓட்டிய உங்களுக்கு எதுவும் தராது. அதற்கு ஓட்டுநர் உடல்காயப் பாதுகாப்பு என்று தனியாக ஒரு சேர்க்கை உண்டு. மலைப்பாதையில் தனியாக வழுக்கி விழுவதுதான் அதிகம் நடப்பது. அப்போது எதிர்த்தரப்பு என்று ஒருவர் இருக்க மாட்டார். ஆண்டுக்குச் சில பத்து யூரோ கூடும், போட்டுவிடுங்கள்.

வண்டியில் எதை மாற்றினாலும் பில்லைச் சேர்த்து வையுங்கள். எஞ்சின் சக்தியைக் கூட்டும் உதிரிகளைப் பொருத்தினால் சட்டப்படியும் குற்றம், காப்பீட்டுக்காரர் கைவிரிக்கவும் காரணம் ஆகும்.

4. முதல் பணம் பிரேக்குக்கு

இதில் கஞ்சத்தனம் வேண்டாம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிக்கக் குறைந்தது 230 டிகிரி வேண்டும். ஈரம் ஏறியபின் அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கலாம். கடலோர ஊரில் வருடக்கணக்கில் நின்ற வண்டியில் ஆயில் எந்த நிலையில் இருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். இருவர் எடையோடு 1,200 மீட்டர் உயரத்திலிருந்து பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் ஆயில் கொதித்து, குழாய்க்குள் குமிழி கட்டும். குமிழிதான் அமுங்கும், பிரேக் பிடிக்காது. எனக்கு நடந்தது இதுதான். ஏபிஎஸ் இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும். கொதித்த ஆயிலுக்கு அதனிடம் மருந்து இல்லை.

செய்ய வேண்டியது: முன்னும் பின்னும் புதிய பேட், அதில் உலோகத் தூளை அழுத்திச் செய்த சின்டர்டு வகை உங்கள் டிஸ்குக்குப் பொருந்துமா என்று கேட்டு வாங்குங்கள், முழு ஆயில் மாற்றம், டிஸ்கின் தடிமனை அளந்து பார்த்தல். எண்களின் ஒற்றுமையைப் பார்த்து டாட் 5-ஐ ஊற்றிவிடாதீர்கள். அது சிலிக்கோன் வகை, டாட் 4-உடன் கலக்கக் கூடாது. கூலியோடு எனக்கு 140 யூரோ, ஒரு காலைப் பொழுது. ஆயிலை 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லிக் கையேடு சொல்லும். இங்கே நான் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறேன்.

புதிய பேட் போட்ட அன்றே மலைக்குப் போகாதீர்கள். நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் ஊருக்குள் மெதுவாகப் பிடித்துப் பழக்குங்கள்.

5. டயர்: பக்கவாட்டில் எழுதியதைப் படியுங்கள்

டயரின் அளவுக்குப் பக்கத்தில் இரண்டிலக்க எண் ஒன்று இருக்கும். அது அந்த டயர் தாங்கும் எடைக்கான குறி: 57 என்றால் 230 கிலோ, 63 என்றால் 272 கிலோ. கையேடு சொல்வதைவிடக் குறைந்த குறியுள்ள டயரை மலிவாகக் கிடைக்கிறதே என்று மாட்டிவிடுவார்கள். என் பின்சக்கரத்தில் அப்படித்தான் இருந்தது. முந்தைய உரிமையாளர் தனியாளாக ஓட்டியவர்.

காற்றழுத்தம் கையேட்டில் இரண்டு வரியாக இருக்கும்: தனியாக, இருவராக. பின்சக்கரத்தில்தான் வித்தியாசம் அதிகம். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். பெட்ரோல் நிலையம் வரை ஓட்டிக்கொண்டுபோய் அளந்தால் எண் கூடத்தான் காட்டும். 15 யூரோவுக்குக் கையடக்க அளவி ஒன்று வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு டயரும் மாட்டக் கூலியோடு 170 யூரோ. புது டயரின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும்; முதல் 100 கிலோமீட்டர் வளைவில் அதிகம் சாயாதீர்கள்.

6. பின் ஷாக் அப்சார்பர்

இருவர் உட்கார்ந்ததும் பின்பக்கம் அமிழ்ந்து முன்சக்கரம் இலேசாகும். முன்சக்கரம் இலேசானால் கொண்டை ஊசி வளைவில் வண்டி திருப்பிய பக்கம் வராமல் வெளியே போகும். இன்னொரு அடையாளம், இடப்பக்கம் சாயும்போது ஸ்டாண்ட் தரையில் உரசும் சத்தம். முதன்முறை கேட்டபோது ஏதோ கழன்று விழுந்துவிட்டதென்று நினைத்து நிறுத்தி, சாலையில் தேடினேன்.

முதலில் செலவில்லாத வேலை. ஷாக் அப்சார்பரின் அடியில் படிப்படியாகத் திருப்பும் வளையம் இருக்கும். கொக்கி போன்ற ஸ்பானரால் அதை இறுக்கினால் ஸ்பிரிங் கெட்டியாகும். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும். பிறகு அளந்து பாருங்கள்: வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரம் தொங்கும்போது சக்கர அச்சிலிருந்து சீட்டின் விளிம்பு வரை அளவெடுங்கள், இருவரும் ஏறி உட்கார்ந்தபின் இன்னொருவரை விட்டு மீண்டும் எடுக்கச் சொல்லுங்கள். வித்தியாசம், மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்கைச் சுற்றி இருந்தால் போதும். கடைசிப் படியிலும் அதற்கு மேல் அமிழ்ந்தால் கெட்டியான ஸ்பிரிங் உள்ள ஜோடி வாங்க வேண்டியதுதான். எனக்கு 280 யூரோ, வந்துசேர 4 வாரம்.

இந்தத் தாமதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிரான்ஸில் பல இணையக் கடைகள் ரீயூனியனுக்கு அனுப்புவதில்லை. அனுப்புபவர்கள் கப்பல் கூலி சேர்ப்பார்கள். வந்திறங்கியதும் ஒக்த்ருவா தே மேர் என்ற கடல் வரியும், 8.5 சதவீத மதிப்புக் கூட்டு வரியும் கேட்கப்படலாம். இணையத்தில் 180 யூரோ என்று கண்டு துள்ளியது வீட்டு வாசலுக்கு வரும்போது உள்ளூர்க் கடை விலையைத் தொட்டிருக்கும். உள்ளூரில் வாங்கினால் சரியில்லாததைத் திருப்பிக் கொடுக்கவாவது ஆள் இருக்கிறார்.

ஸ்பிரிங்கைச் சரிசெய்தபின் முகப்பு விளக்கின் உயரத்தையும் திருத்துங்கள். இருவரோடு விளக்கு வானத்தைப் பார்க்கும்.

7. எஞ்சின் இழுவை: கடைசியில், கொஞ்சமாக

உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. 1,000 மீட்டருக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு சக்தி போய்விடும். 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் மைதோவுக்கு இருவராகப் போகும்போது, உங்கள் 12 குதிரைத்திறனில் இரண்டு குதிரைக்கும் மேல் கீழேயே தங்கிவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கியர் இல்லாத ஸ்கூட்டரில், பெல்ட் பெட்டிக்குள் உருளும் சிறு ரோலர்கள்தான் கியரின் வேலையைச் செய்கின்றன. இங்கே கலே என்பார்கள். அவற்றின் எடையை ஒவ்வொன்றுக்கும் ஒரு கிராம் குறைத்தால் எஞ்சின் கூடுதல் சுழற்சியில் நின்று ஏற்றத்தில் நன்றாக இழுக்கும்; சக்தி கூடுவதில்லை. அதற்கு மேல் குறைத்தால் சமதளத்தில் வண்டி அலறும், பெட்ரோல் குடிக்கும். நான் முதலில் இரண்டரை கிராம் குறைத்தேன். புளியமரச் சாலையில் பின்னால் வந்த லாரிக்காரர் விளக்கடித்தே என்னை ஓரங்கட்டினார்.

என் மெக்கானிக்கின் குடும்பப் பெயர் அச்சு அசல் தமிழ். அவருக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்களோ கோயிலோடு முடிந்துவிடும். ஆனால் என் ரோலர்களைக் கையில் எடுத்ததுமே ஒவ்வொன்றையும் நகைக்கடைத் தராசு போன்ற ஒன்றில் எடைபோட்டார். ஒரே பெட்டியில் வந்தவற்றில் இரண்டு வேறு எடை. "இதை முதலில் யாரும் பார்க்கவில்லையா?" என்று தீவின் மொழியான கிரயோலில் கேட்டார். வேலை ஒரே பெட்டியில் நடப்பதால் பெல்ட்டையும் அப்போதே மாற்றிவிடுங்கள். இரண்டும் சேர்ந்து 130 யூரோ.

ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால் ஆக்சிலரேட்டரை லேசாகத் திருகி வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள். கிளட்ச் தேய்ந்து சூடேறும். பிரேக்கால் நிறுத்துங்கள்.

8. பின்னால் இருப்பவரையும் தயார் செய்யுங்கள்

சட்டம் கேட்பது: இருவருக்கும் தரச்சான்று பெற்ற ஹெல்மெட், இருவருக்கும் சிஇ என்ற ஐரோப்பியத் தரக்குறியிட்ட கையுறை. கையுறை 2016 நவம்பர் முதல் கட்டாயம். பின்னால் இருப்பவர் போடாவிட்டாலும் அபராதம் உண்டு. ஒளிரும் மேல்சட்டை ஒன்று வண்டியில் எடுக்கத் தோதாக இருக்க வேண்டும். 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பட்டையுள்ள தனி இருக்கை வேண்டும். மலைக்கு அந்த யோசனையே வேண்டாம்.

புடவையும் வேட்டியும் பெட்டிக்குள். கோயிலுக்குப் போவதானாலும் அங்கே போய் மாற்றிக்கொள்ளுங்கள். முந்தானை பின்சக்கரத்தில் சிக்கிய கதைகளை நம் ஊரிலேயே போதுமான அளவு கேட்டிருக்கிறோம். ஒருபக்கமாகக் கால் போட்டு உட்காருவதும் இங்கே கூடாது. வளைவில் வண்டி ஒருபுறம், ஆள் ஒருபுறம் சாய்வார்.

என் கணவருக்குச் சொன்ன விதிகள் இவை: நான் சாயும் பக்கமே சாய வேண்டும், இல்லாவிட்டால் அசையாமல் இருந்தாலே போதும், வளைவுக்குள் இருக்கும்போது காட்சியைக் காட்டத் தோளைத் தட்டக் கூடாது, பிரேக் பிடிக்கும்போது என் முதுகில் சாயாமல் சீட்டின் பக்கப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மெக்கானிக் அவரிடம் சுருக்கமாகச் சொன்னார்: "த்யேன்போ, லார்க் பா." கெட்டியாகப் பிடி, விடாதே. இந்தத் தீவில் துன்பத்தில் இருப்பவருக்குச் சொல்லும் ஆறுதல் அது. என் கணவர் அதை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொண்டு என் விலா எலும்பைப் பிடித்தார்.

முதுகுச் சாய்மானம் உள்ள பின்பெட்டி (எனக்கு 110 யூரோ) பெரிய உதவி. ஆனால் அது பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. கனமானதை சீட்டுக்கு அடியில் வைத்து, பெட்டியில் மழைச்சட்டையையும் துணியையும் வையுங்கள்.

9. ஒத்திகை, பிறகு சிலாவோஸ்

முதல் நாள் சேன் பியேரிலிருந்து தம்போன் வழியாக ப்ளேன் தே காஃப்ர் என்ற மேட்டுநிலம் வரை போய் வாருங்கள். சாலை அகலம், வளைவு மென்மை, ஓரத்தில் நிறுத்த இடம் உண்டு. மேலே ஸ்வெட்டர் வேண்டும். கடற்கரையில் வியர்த்துக்கொண்டு கிளம்பியவர் அங்கே பல் கிட்டி நிற்பார். அடுத்து மைதோ. அதன்பின் சேன் லூயியிலிருந்து சிலாவோஸ், நானூறு வளைவுப் பாதை என்று பெயர் பெற்றது. சில சுரங்கங்களில் ஒரு வண்டிக்குத்தான் இடம். வளைவுக்கு முன் ஹாரன் அடித்து, பதில் வருகிறதா என்று கேளுங்கள். எதிரே பஸ் வந்தால் நீங்கள்தான் நிற்க வேண்டும், அதற்குப் பின்வாங்க இடமில்லை.

கிளம்பும் காலையில் சாலை நிலவரம் சொல்லும் இன்ஃபோரூட்டைப் பாருங்கள். மழைக்குப் பின் பாறை சரிந்து இந்தப் பாதை மூடப்படுவது வழக்கம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். மே முதல் அக்டோபர் வரை நல்ல பருவம். காலை 6 மணிக்குக் கிளம்பினால் மலையைப் பார்க்கலாம். 10, 11 மணிக்கெல்லாம் மேகம் உள்ளே நுழைந்துவிடும். ஜூனில் மாலை 6 மணிக்கு முன்பே இருட்டிவிடும் என்பதால் 3 மணிக்கு இறங்கத் தொடங்குங்கள்.

இறங்கும் முறை: வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பலமாகப் பிடித்து, விட்டுவிடுங்கள். லேசாகப் பிடித்தபடியே வருவதுதான் ஆயிலைக் கொதிக்க வைக்கிறது. வேகம் மிகவும் குறைந்தால் ஸ்கூட்டரின் கிளட்ச் தானாக விலகி, எஞ்சினின் தடை போய், வண்டி சைக்கிள் போல உருளும். அந்த நேரம் ஆக்சிலரேட்டரை ஒரு நொடி இலேசாகத் திருகினால் கிளட்ச் மறுபடி ஒட்டும், எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பாதி வழியில் ஒருமுறை நிறுத்தி 10 நிமிடம் பிரேக்கை ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

பிரேக், டயர், ஷாக், பெட்டி, ரோலர், பெல்ட் எல்லாம் சேர்த்து எனக்கு 830 யூரோ. 1,900 யூரோவுக்கு வாங்கிய வண்டி. அந்த வரிசையில் முதல் மூன்றை மட்டும் செய்துகொண்டு போனாலும் போகலாம்.

சிலாவோஸில் சின்னச் சின்னதாக, தோலோடு விற்கும் மசூர்ப் பருப்பு பேர்போனது, விலையும் அதிகம். கணவர் இரண்டு கிலோ எடுத்தார். மேலே போட்ட கணக்கில் மிச்சம் ஒரு கிலோதான். ஒன்றைத் திருப்பி வைக்கச் சொன்னேன்.